இருபத்தொரு நாளில் ஓர் அணி

இன்லைன் ஹாக்கியில் ஓர் அணிக்குத் தளத்தில் ஒரே நேரத்தில் நிற்பவர்கள் ஐந்து பேர்தான்: சக்கரக் காலணியோடு ஓடும் நால்வர், கோல் காப்பவர் ஒருவர். மற்றவர்கள் பக்கத்துப் பெஞ்சில் மட்டையைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். ஆட்டம் நிற்காமலே ஆள் மாறும் என்பதுதான் இதன் சூட்சுமம். ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சை நெருங்கும்போதே இன்னொருவர் தளத்தில் குதிக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் ஆள் கூடிவிட்டது என்று தண்டனை விழும். கொஞ்சம் பிந்தினால் எதிரணிக்கு இடைவெளி கிடைத்துவிடும். வருகிறவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்தே போகிறவர் கிளம்புகிறார். பெஞ்சில் இருப்பவருக்கு அந்தத் தோள் பழகியிருக்க வேண்டும். எத்தனை வேகமாக ஸ்கேட் ஓட்டினாலும், எத்தனை பலமாகப் பக் என்ற வட்டை அடித்தாலும், இந்தப் பழக்கம் தனியாக வந்துவிடாது. அதே ஆட்களோடு பல மாதம் ஒரே தளத்தில் புழங்கினால்தான் வரும்.

சர்வதேசப் போட்டிக்கு ஓர் அணியைத் தயார் செய்வது என்றால் இந்தியாவில் உடனே நினைவுக்கு வருவது முகாம். தேசியப் போட்டி நடக்கும்; அதிலிருந்து தேர்வு; தேர்வானவர்களுக்கு ஒரு கேம்ப்; பிறகு விமானம். கேம்ப் மூன்று வாரம் என்றும் தினமும் நான்கு மணி நேரம் தளத்தில் என்றும் வைத்துக்கொள்வோம். கூட்டிப் பார்த்தால் 84 மணி நேரம். ஒரு பள்ளி அணி வாரத்துக்கு ஐந்து மாலை, மாலைக்கு இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு நாற்பது வாரம் ஆடினால் 400 மணி நேரம் ஆகிறது. ஐந்தாண்டு ஒன்றாகப் படித்தவர்கள் என்றால் 2000. இந்தக் கணக்கு என் கையால் போட்டதுதான், ஆனாலும் இந்தியா, இலங்கை என்ற இரண்டு நாட்டுப் பழக்கங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை. இந்தியா நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கடைசியில் ஒன்றுசேர்க்கிறது. இலங்கை முதலில் ஒன்றுசேர்ந்தவர்களை வைத்துக்கொண்டு அவர்களை நல்ல ஆட்டக்காரர்களாக்கப் பார்க்கிறது. இன்லைன் ஹாக்கி இலங்கையில் வேரூன்றிய ஆட்டம் இல்லை. ஆகவே ஆட்டத்தோடு ஆட்டத்தை ஒப்பிட வழியில்லை. அணி உருவாகும் முறையை ஒப்பிடலாம். அதற்கு இந்தியப் பக்கம் ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இந்த ஊர் இரண்டு முறைகளையும் தன் கையாலேயே செய்து பார்த்திருக்கிறது, ஒன்றை மறந்தும்விட்டது.

இன்றைய ஹைதராபாத் என்றால் கச்சிபௌலி. 2002 தேசிய விளையாட்டுக்காகவும் 2003 ஆப்ரோ-ஆசிய விளையாட்டுக்காகவும் அங்கே அரங்குகள் எழும்பின. 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த் 2008இல் தன் பாட்மிண்டன் அகாடமியைத் திறந்ததும் அந்தப் பக்கம்தான். விடியுமுன்னே விளக்குப் போட்டு நடக்கும் பயிற்சி, கைப்பேசியிலும் சாப்பாட்டிலும் கெடுபிடி, ஒரே வளாகத்தில் தங்கல் என்று அது நடத்தப்பட்ட விதம் நாடறிந்தது. 2012 ஒலிம்பிக்கில் சாய்னா நேவால் வெண்கலம், 2016 ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெள்ளி என்று பலனும் கண்ணெதிரே இருக்கிறது. தனி ஆட்டக்காரரைச் செதுக்க இதைவிடச் சிறந்த பட்டறை இந்தியாவில் இருந்ததில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதன் வெற்றி நமக்கு ஒரு தப்பான பாடத்தையும் விட்டுச்சென்றது. விளையாட்டு என்றால் அகாடமி, அகாடமி என்றால் ஒரு குரு, ஒரு சிஷ்யர், பெற்றோரின் சேமிப்பு என்று ஒரு வாய்பாடு ஊரெல்லாம் பரவிவிட்டது. ஸ்கேட்டிங்கிலும் அதே கதைதான். ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் கலைச் சறுக்கில் தனியாக ஒரு வெண்கலமும், அவனி பஞ்சாலோடு இணையாக இன்னொரு வெண்கலமும் வென்றார்; 2015இல் அர்ஜுனா விருதும் பெற்றார். ஒருவரோ இருவரோ சாதிப்பதற்கு இந்த ஊரில் வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஐந்து பேர் ஒன்றாகச் சாதிப்பதற்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பாட்மிண்டனையே சாட்சியாக நிறுத்தி இதற்கு ஆமென்று சொல்பவர்கள் உண்டு. 2022 மே மாதம் பாங்காக்கில் இந்தோனேசியாவை 3-0 என்று வீழ்த்தி இந்தியா தாமஸ் கோப்பையை வென்றது. அது அணிப் போட்டி அல்லவா என்பார்கள். அணிப் போட்டிதான். ஆனால் தாமஸ் கோப்பையில் மூன்று பேர் ஒற்றையர் ஆட்டத்தில் தனித்தனியாக நின்று ஜெயிக்கலாம். மற்றவர்கள் ஓரத்தில் கை தட்டினால் போதும். அங்கே கூட்டாக ஆட வேண்டியது இரட்டையர் மட்டும். அந்த இரட்டையர் எப்படி வந்தார்கள் என்று பார்த்தால் வாதம் என் பக்கம் சாய்கிறது. சாத்விக் சாய்ராஜ் அமலாபுரத்துப் பையன், சிராக் ஷெட்டி மும்பைப் பையன். பேசும் மொழி வேறு, ஆடும் பாணி வேறு. இருவருமே பின்வரிசையில் நின்று அடிக்கிற ரகம். மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர்தான் ஹைதராபாத்தில் அவர்களை இணையாக்கினார். ஒருவர் முன்னால் போகப் பழகியதும், பழகியதை மறக்காமல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடியதும்தான் 2023இல் அவர்களை உலகின் முதல் இடத்துக்குக் கொண்டுபோனது. இரண்டே பேரை ஒட்டவைக்க ஏழெட்டு ஆண்டு ஆயிற்று. ஐந்து பேரை இருபத்தொரு நாளில் ஒட்டவைத்துவிடலாம் என்று நம்புவதற்கு அசாத்திய துணிச்சல் வேண்டும்.

மறந்துபோன முறை இன்னும் பழையது, இன்னும் சுவையானது. சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கிவந்தது. காவல்துறையில் சம்பளம், காவல்துறை மைதானம், தினமும் அதே சகாக்கள். ரஹீம் நடத்திய உள்ளூர்ப் போட்டிகளின் விதிகளைக் கேட்டாலே ஆளின் புத்தி தெரியும். பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, வந்ததும் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு போட்டி. பழக்கமான காலால் உதைக்கக் கூடாது, நோஞ்சான் காலால்தான் ஆட வேண்டும் என்று இன்னொன்று. பந்தை வைத்திருக்க முடியாதவன் சகா எங்கே நிற்கிறான் என்று பார்த்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. அந்தப் பழக்கத்தோடு வந்தவர்களைத்தான் அவர் இந்திய அணியிலும் சேர்த்தார். 1951 ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். இந்தியக் கால்பந்து அந்த உயரத்தை அதற்குப் பிறகு எட்டவில்லை. மெல்போர்ன் அணியில் ஹைதராபாத் ஆட்டக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜும், செகந்திராபாத்தின் அம்முகூடாவில் பிறந்த துளசிதாஸ் பலராமும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை நம்மவர்கள் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை. 1963 ஜூனில் ரஹீம் இறந்தார். ஒரு நிறுவனம் தன் அணியைத் தினமும் ஒரே மைதானத்தில் வைத்திருப்பது என்ற ஏற்பாடு ஊரின் பெருமையாக இருந்த காலமும் மெல்ல மங்கியது.

அந்த ஏற்பாடு இலங்கையில் மங்கவில்லை. நாம் நெட்பால் என்பதை அங்கே வலைப்பந்தாட்டம் என்கிறார்கள். பெண்பிள்ளைகள் படிக்கும் பாடசாலை என்றால் ஒரு கம்பமும் வளையமும் இருக்கும். பின்பலகை கிடையாது, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் கூடாது, கையில் வாங்கியதும் நின்ற இடத்திலிருந்து அனுப்பியாக வேண்டும். ரஹீமின் போட்டி விதிதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பாடசாலை முடிந்ததும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. ஹட்டன் நஷனல் வங்கி, செலான் வங்கி போன்ற நிறுவனங்களுக்கு அணிகள் உண்டு. வணிக நிறுவனங்களுக்கென்றே போட்டித் தொடர் உண்டு. முப்படைகளுக்கும் பொலிஸுக்கும் அணிகள் உண்டு. கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு மாலையில் மைதானத்துக்குப் போகிறவர்தான் தேசிய அணிக்கும் ஆடுகிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் இந்த வழியில் வளர்ந்தவர். 208 சென்டிமீட்டர் உயரம். 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் 348 கோல் போட்டு, அந்தத் தொடரில் அதிகக் கோல் போட்டவராக நின்றார். உயரம் பிறப்பில் வந்தது, அதில் பயிற்சிக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்லலாம். ஆனால் அந்த உயரத்துக்கு, எதிரிக் கை எட்டாத இடத்தில், பந்தைக் கொண்டுபோய் வைத்தவர்கள் மற்ற ஆறு பேர். அந்த வீச்சு ஆண்டுக்கணக்கான மாலைகளில் வந்தது. இலங்கை ஆசிய வலைப்பந்துப் பட்டத்தை ஆறு முறை வென்றிருக்கிறது. இந்தியா ஒரு முறைகூட வென்றதில்லை. ஆறாவது முறை 2022 செப்டம்பர் 11. பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற ஆண்டு அது. அதே நாளில் இலங்கைக் கிரிக்கெட் அணியும் ஆசியக் கோப்பையை வென்றது. பணத்தால் மட்டுமே அணி உருவாகும் என்றால் அந்த ஆண்டில் இலங்கைக்கு எதுவும் கிடைத்திருக்கக் கூடாது.

இங்கே ஒரு கேள்வி எழத்தான் வேண்டும். ஒலிம்பிக் வரலாற்றில் இலங்கைக்குக் கிடைத்தது இரண்டே பதக்கம்: 1948இல் டங்கன் வைட், 2000இல் சுசந்திகா ஜயசிங்க. அப்படிப்பட்ட நாட்டிடம் இந்தியா என்ன கற்க வேண்டும்? இரண்டும் ஓட்டப் பதக்கங்கள் என்பதே பாதி பதில்; தனியாக உலகத்தரத்துக்கு ஏறுவதற்கு வேண்டிய வசதியை இலங்கை தருவதில்லை, அதில் இந்தியா எத்தனையோ முன்னே நிற்கிறது. இதைவிடக் கனமான மறுப்பு இந்திய ஹாக்கி அணியிடமிருந்து வருகிறது. டோக்கியோவில் 41 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வெண்கலம், பாரிஸில் மறுபடி வெண்கலம். அந்த அணி பெங்களூருவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையத்தில் நடந்த தேசிய முகாமில்தானே உருவானது என்று கேட்டால் மறுக்க முடியாது. முகாம்தான். ஆனால் அது எப்படிப்பட்ட முகாம் என்று பார்க்க வேண்டும். போட்டிக்கு முன் கூடிக் கலைகிற கூட்டமாக அது இருக்கவில்லை; ஆண்டின் பெரும்பகுதி அங்கேயே வாழ்க்கை. 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் அந்த வளாகத்தைவிட்டு வெளியே போகாமல் இருந்தார்கள். 2018 முதல் ஒடிசா அரசு ஆதரவாளராக நின்றது. பெயர் முகாம் என்றாலும், ஐம்பதுகளில் சிட்டி போலீஸ் செய்த வேலையைத்தான் அது பெரிய செலவில் செய்தது. இன்லைன் ஹாக்கிக்கு அப்படி ஒரு வளாகத்தையும் ஒரு மாநிலத்தின் கஜானாவையும் யார் தரப்போகிறார்கள்? பெயரை மட்டும் கடன் வாங்கி மூன்று வாரத்துக்குக் கேம்ப் என்று போட்டால் பலன் வராது.

இலங்கையின் முறையில் குறைகளும் கொஞ்சமல்ல. அவற்றை மூடிமறைத்துவிட்டு அதைப் புகழ்வது நேர்மையாகாது. முதலாவது, முப்படை அணிகளைச் சார்ந்து நிற்கும் விளையாட்டில் வடக்கு கிழக்குத் தமிழ் இளைஞர்களுக்குக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தர்ஜினி போன்றவர்களுக்கு வங்கி என்ற கதவு திறந்தது நல்வாய்ப்பு. ஆனால் ஒரு நாட்டு விளையாட்டு வங்கிகளின் தயவில் மட்டும் அனைவரையும் அணைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது, ரக்பி போன்ற ஆட்டங்களில் பாடசாலைப் போட்டிக்கு வரும் கூட்டமும் கொண்டாட்டமும் அதற்கு மேலான ஆட்டத்துக்கு வருவதில்லை. கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதும் பிரட்பி கேடயத்துக்குப் பழைய மாணவர்கள் காட்டும் வெறியில் கால்வாசி தேசிய அணிக்குக் கிடைத்தால் போதும் என்று தோன்றும். மூன்றாவது, மேலிடத்துத் தலையீடு. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணி வெளிநாடு போக அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 2017 டிசம்பரில் இந்தியாவுக்குக் கிளம்பிய கிரிக்கெட் வீரர்கள் ஒன்பது பேர் அந்த ஒப்புதல் இல்லை என்று விமான நிலையத்திலிருந்தே திருப்பி அழைக்கப்பட்டார்கள். நம் பக்கமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2022 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தையும் 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தையும் ஃபிஃபா அடுத்தடுத்து இடைநிறுத்தியது. சங்க அரசியலில் இரு நாடுகளும் ஒட்டிப் பிறந்தவை.

செலவு பற்றிய மறுப்புதான் ஹைதராபாத் பெற்றோர் வாயிலிருந்து முதலில் வரும். வலைப்பந்துக்கு ஒரு கம்பமும் ஒரு பந்தும் போதும். இன்லைன் ஹாக்கிக்கு ஸ்கேட், ஹெல்மெட், முழங்கால் காப்பு, கையுறை, மட்டை, கோல் காப்பவருக்குத் தனிக் கவசம், இவற்றோடு சுற்றிலும் பலகை கட்டிய வழவழப்பான தளமும் வேண்டும். சொரசொரப்பான சிமெண்டில் பக் குட்டிக்கரணம் போடும். பலகையே இல்லாத இடத்தில் பழகியவர், பலகையில் பட்டுத் திரும்பும் பக்கை வெளிநாட்டில்தான் முதல்முறையாகப் பார்க்க நேரும். ஆக, இரண்டு ஆட்டத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா? வைக்கலாம் என்றே நினைக்கிறேன். செலவு கூடக் கூட அதைப் பலர் சேர்ந்து தாங்க வேண்டிய தேவையும் கூடுகிறது. இன்று நடப்பது இதற்கு நேர்மாறு. சிறிய விளையாட்டுகளின் அணிகள் வெளிநாடு போகும்போது, அரசுக்குச் செலவில்லாமல் என்ற நிபந்தனையோடு அனுமதிக் கடிதம் வருவது டெல்லியில் வழக்கம். அதற்குத் தமிழில் அர்த்தம், அப்பா கட்ட வேண்டும் என்பது. தளத்தில் யார் யாரோடு பொருந்துகிறார்கள் என்பதற்கு முன்னால், யாருடைய வீட்டில் டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது என்பது அணியைத் தீர்மானித்துவிடுகிறது. திறமைக்குக் குறைவில்லை. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்களும் பெண்களும் 3000 மீட்டர் தொடர் ஸ்கேட்டிங்கில் வெண்கலம் வென்றபோது, சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமாரும் ஆரத்தி கஸ்தூரிராஜும் அந்த அணிகளில் இருந்தார்கள். நம்மிடம் கால் இருக்கிறது, வேகம் இருக்கிறது என்பதற்கு அது போதும். (ஆண்கள் ஓட்டத்தில் கடைசிக் கொரிய வீரர் கோட்டைத் தொடுமுன்னே கையைத் தூக்கிக் கொண்டாடி, நூறில் ஒரு நொடியில் தைவானிடம் தங்கத்தைப் பறிகொடுத்தார். கூட்டாக ஆடுவதில் கடைசி ஆளும் கடைசி அடியும் எத்தனை முக்கியம் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.)

நிறுவன அணி என்றதும் வேலை ஒதுக்கீடு, சிபாரிசு, பெயருக்கு ஆடிவிட்டுச் சம்பளம் வாங்குவது என்று பலரும் முகம் சுளிப்பார்கள். சுளிக்கக் காரணமும் உண்டு. ஆனால் செகந்திராபாத்தில் வளர்ந்த, தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான மிதாலி ராஜுக்கு, பெண்கள் கிரிக்கெட்டை யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் வேலையும் அணியும் தந்தது ரயில்வே. உள்நாட்டுப் பெண்கள் கிரிக்கெட்டில் ரயில்வே அணி நெடுங்காலம் அசைக்க முடியாமல் நின்றது. 2005இலும் 2017இலும் இந்தியா உலகக் கோப்பை இறுதிக்குப் போனபோது மிதாலிதான் தலைவி. விளம்பரமும் தொலைக்காட்சியும் வருவதற்கு முந்தைய இருட்டில் ஓர் ஆட்டத்தைக் காப்பாற்றி வைக்க மாதச் சம்பளமும் மாலை மைதானமும் போதுமானதாக இருந்தன. இன்லைன் ஹாக்கி இன்று அந்த இருட்டில்தான் நிற்கிறது.

ஹைதராபாத்தில் இதற்கு எதையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. கட்டிடம் நமக்கு எளிதாக வரும். கச்சிபௌலியில் விளையாட்டுக்காக எழுப்பிய பதினான்கு மாடிக் கோபுரம் 2020இல் கொரோனா மருத்துவமனையாக மாறியது. அந்த நெருக்கடியில் அது சரியான முடிவு. ஆனால் அத்தனை சுலபமாக மாற்ற முடிந்தது, உள்ளே நிரந்தரமாக யாரும் குடியிருக்கவில்லை என்பதையும் சொல்கிறது. பிள்ளைகள் குடியிருக்கும் இடங்கள் வேறு. ஹக்கிம்பேட்டையில் அரசின் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. மாநிலம் முழுக்கச் சமூகநல உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன; 2014 மே 25 அன்று பதின்மூன்று வயது மாலாவத் பூர்ணாவும் ஆனந்த் குமாரும் எவரெஸ்ட் ஏறியது அந்தப் பள்ளிகளிலிருந்துதான். போங்கிர்க் கோட்டைப் பாறையில் ஏறிப் பழகிய ஒரு பெரிய கூட்டத்திலிருந்து சலித்துச் சலித்து அவர்கள் இருவரும் மிஞ்சினார்கள். ஒன்றாக உண்டு, ஒன்றாகத் தூங்கி, ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாக இருக்கும் பிள்ளைகள். இலங்கைப் பாடசாலை தருகிற மணிக்கணக்கை இவர்கள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பள்ளியில் பழைய கூடைப்பந்துத் தளம் ஒன்றைத் தேய்த்து வழவழப்பாக்கி, இடுப்புயரத்துக்குப் பலகை அடித்து, இருபது ஜோடி ஸ்கேட்டைப் பள்ளியின் சொத்தாக அலமாரியில் வைத்தால் முதல் ஐந்தாண்டு வேலை தொடங்கிவிடும். படிப்பு முடிந்ததும் எங்கே போவார்கள் என்பதற்கு ஹைடெக் சிட்டியின் கம்பெனிகளிடம்தான் கேட்க வேண்டும். கொழும்பில் வங்கிகள் பெண்களுக்கு வலைப்பந்து அணி வைத்திருப்பதைப்போல, பத்துப் பேருக்கு வேலையும் மாலை ஐந்து மணிக்கு வெளியே விடும் அனுமதியும் தர ஒரே ஒரு கம்பெனி முன்வந்தால் தொடங்கப் போதும். மாலை ஐந்து மணிக்கு வெளியே விடுவதுதான் இதில் கடினமான பகுதி என்று அந்த வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.